அத்தை எடுக்காத தொக்கம்

எங்கள் அத்தை டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டினாளா என்பதிலேயே வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. ஆனால் திருவொற்றியூரில் எங்கள் குப்பத்துக்கு வந்து ‘டாக்டரம்மா வூடு எது’ என்று கேட்டால், மூக்கு ஒழுகும் சின்னப் பிள்ளைகூட அத்தை வீட்டைத்தான் காட்டும். வாசலில் நீல எழுத்தில் ஒரு பலகை தொங்கும். ‘இங்கு குழந்தைகளுக்குத் தொக்கம் எடுக்கப்படும்.’ அதன் மூலையில் சிவப்பில் ஒரு கூட்டல் குறி. அது எதற்கு என்று பலகை எழுதியவரைக் கேட்டதற்கு, ஆஸ்பத்திரி போர்டிலெல்லாம் இருக்கிறதே, சும்மா போட்டேன் என்றாராம். அத்தைக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

தொக்கம் என்றால் என்னவென்று மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குழந்தை தின்ற சோறோ முறுக்கோ தலைமுடியோ செரிக்காமல் வயிற்றில் எங்காவது ஒட்டிக்கொண்டுவிடும். பிள்ளை சாப்பிடாமல் இளைப்பதும் வாந்தி எடுப்பதும் அதனால்தான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒட்டிக்கொண்ட அந்தப் பொருள்தான் தொக்கம். அத்தை குழந்தையை மடியில் மல்லாத்திப் போட்டு, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, வயிற்றிலிருந்து தொண்டைவரை நீவிக்கொண்டே வருவாள். பிறகு ஒரு சின்னப் பித்தளைக் குழாயைக் குழந்தையின் கழுத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுவாள். மரத்தை அறுப்பது போல ஒரு சத்தம் வரும். அடுத்த நிமிடம் பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் தட்டில் ஓர் உருண்டையைத் துப்புவாள். தாய்மார்கள் எட்டிப் பார்த்து, ‘ஆமா, முந்தாநேத்து இத்தத்தான் துன்னான்’ என்று மூக்கில் விரல் வைப்பார்கள்.

இந்த வித்தையை யாரிடம் கற்றாள் என்று கேட்டால், மாமியார் கனவில் வந்து கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனதாக அத்தை சொல்வாள். அந்த மாமியார் உயிரோடு இருந்தவரைக்கும் காசிமேட்டில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தவர். செத்த பிறகு எப்போது வைத்தியம் படித்தார் என்று எங்கள் அப்பா கேலி செய்வார். அத்தை காதில் விழாத தூரத்தில்தான் செய்வார். அவர் அக்காவுக்குப் பயந்தவர்.

எனக்குக் கேலியெல்லாம் வராது. பயம்தான் வரும். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அந்த உறிஞ்சும் சத்தம் கேட்டாலே என் வயிறு உள்ளே இழுத்துக்கொள்ளும். எப்போதோ விழுங்கிய புளியங்கொட்டை ஒன்று எனக்குள் இருப்பது அத்தைக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆவது என்று கழுத்தில் கையை வைத்துக்கொண்டேதான் அவளிடம் பேசுவேன். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் வேலைக்கு உட்காருவதற்கு முன்னால் அத்தை அடுப்பங்கரைக்குப் போய் ஒரு வாய் எதையாவது போட்டுக்கொண்டு வருவாள். வெறும் வயிற்றோடு குழந்தையைத் தொடக்கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எவ்வளவு பக்தி என்று ஆச்சரியமாகக்கூட இருக்கும்.

அந்தச் சமயத்தில் அம்மாவுக்கும் அத்தைக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. தம்பியின் காதுகுத்தில் தாம்பூலத் தட்டு முதலில் அத்தைக்குத்தான் வந்திருக்க வேண்டும். அம்மா தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, கடைசியில்தான் அத்தையிடம் நீட்டினாள். மறந்துவிட்டேன் என்று அம்மா சொன்னாள். அம்மா எதையும் மறப்பவள் அல்ல என்று அத்தை சொன்னாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அன்றிலிருந்து ஒரே சந்தில் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான் ஒருத்திதான் போய்வந்துகொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு டிரெய்லர் லாரி ஓட்டும் வேலை. கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போக வேண்டும். போவது என்பது பேச்சுக்குத்தான். கடலோர ரோட்டில் லாரிக்குப் பின்னால் லாரி வரிசையில் நிற்கும். அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, நாள் கணக்கில் நகர்ந்து நகர்ந்து போவார்கள். அந்த வரிசையில் நிற்பவர்களிடம் சுண்டல், தண்ணீர், பொம்மை எல்லாம் விற்க ஆட்கள் வருவார்கள். அப்படி வாங்கிய ஒரு குட்டிக் காரை அப்பா தம்பிக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் ரிமோட்டும் அதனுடன் இருந்தது. தம்பிக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை. காரைவிட ரிமோட்டைக் கடிப்பதில்தான் அவனுக்கு இஷ்டம்.

ஒரு சாயங்காலம் தம்பி சோற்றைத் தள்ளிவிட்டான். பாலைக் கொடுத்தால் அப்படியே வெளியே வந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. பல் முளைக்கிறது என்றாள் அம்மா. ஓமத் தண்ணீர் கொடுத்தாள், அதுவும் நிற்கவில்லை. மறுநாள் காலையில் அவன் அழுதான், ஆனால் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. சத்தம் இல்லாமல் ஒரு குழந்தை அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை; இன்றுவரை அதைவிடப் பயங்கரமான ஒன்றைப் பார்க்கவும் இல்லை.

முந்தின நாள் பக்கத்து வீட்டில் தம்பி அரிசி முறுக்குத் தின்றது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், தொக்கமேதான் என்று முடிவு செய்துவிட்டாள். அப்பாவுக்குப் போன் போட்டால் போகவில்லை. அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு சந்தைக் கடந்து அத்தை வீட்டுப் படியேறினாள். நான் பின்னால் போனேன். எத்தனையோ மாதம் கழித்து அம்மா அந்தப் படியை மிதித்தது அன்றைக்குத்தான்.

அத்தை அப்போதுதான் அடுப்பங்கரையிலிருந்து வந்து பாயில் உட்கார்ந்தாள். சுற்றிலும் நாலைந்து பெண்கள் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து பேரனைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு கிழவி முதலாவதாக இருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எல்லோருமே நகர்ந்து இடம் விட்டார்கள்.

“அண்ணி, தம்பியப் பாரு அண்ணி” என்றாள் அம்மா.

அத்தை வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அம்மாவின் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. தானாக இறங்கி வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அவளுக்குப் பட்டிருக்கும். எனக்கும்தான் பட்டது.

தம்பியை மடியில் கிடத்தி எண்ணெய் வைத்து நீவ ஆரம்பித்தாள் அத்தை. கை நெஞ்சுக்கு மேல் வந்ததும் தம்பி வில்லாக வளைந்தான். எச்சில் அத்தையின் மணிக்கட்டில் வழிந்தது. அதில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. அத்தை அதைப் பார்த்தாள். குனிந்து தம்பியின் வாயை முகர்ந்தாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அத்தை பயந்து நான் பார்த்ததே இல்லை. கடல் பொங்கி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோதுகூட ஏசிக்கொண்டேதான் பாத்திரத்தைத் தூக்கி மேலே வைத்தவள். இப்போது அவள் உதட்டில் ரத்தமே இல்லை. அவள் பயந்ததைப் பார்த்ததும் என் பயம் பத்து மடங்கு ஆயிற்று.

“இது என்னால ஆவாதுமே. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ” என்றாள், வாய்க்குள்ளேயே குழறலாக.

அம்மாவுக்கு வந்ததே கோபம். “ஊர்ல கீற புள்ளைங்களுக்கெல்லாம் எடுக்கற. என் புள்ளைக்கின்னா மட்டும் ஆவாதா? தட்டு கடைசியா வந்துச்சுன்னு பச்சப் புள்ளயாண்ட வஞ்சம் தீத்துக்கிறியா அண்ணி?”

“அதில்லமே...”

“பின்ன இன்னா?”

காத்திருந்தவர்கள் எல்லோரும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கொருக்குப்பேட்டைக் கிழவி, “சண்டைய அப்பால வெச்சுக்கோ கண்ணு. சாமி குடுத்த கையி, இல்லேன்னு சொல்லாத” என்றாள். நான் அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டேன். எடுத்துடு அத்தை, எடுத்துடு அத்தை என்று அழுதேன். நான் அவ்வளவு பயந்த பித்தளைக் குழாயை நானே எடுத்து அவள் கையில் திணித்தேன்.

அத்தை குழாயைத் தம்பியின் கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவள் கண்ணை மூடினாள். இதோ அந்தச் சத்தம் வரப்போகிறது, எல்லாம் சரியாகப் போகிறது என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன். குழாய் கீழே விழுந்து உருளும் சத்தம்தான் கேட்டது.

அத்தை தன் உள்ளங்கையில் எதையோ துப்பினாள். கையை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். வெள்ளையாக ஓர் உருண்டை.

“இதாம்மே நான் எடுக்கற தொக்கம். காத்தால அவிச்ச இட்லி. கன்னத்துல அதக்கினு வந்து குந்துவேன், அப்பால துப்புவேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எந்தக் கெயவியும் என் கெனவுல வரல. புள்ளைக்கு வேற இன்னாமோ ஆயிகீது. ஓடுமே!”

கிழவி தவழ்ந்து வந்து அத்தையின் கையை உற்றுப் பார்த்தாள்.

“யம்மாடி! கொயா கூட வெக்கல. கைய வெச்சதுக்கே வந்துச்சு பாரு!”

“இட்லிதான்” என்றாள் இன்னொருத்தி. “புள்ளைக்கு இட்லி குடுத்தியா?”

“குடுத்தேன்... காத்தால ஒரு வாயி குடுத்தேன்” என்றாள் அம்மா. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அத்தையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “மன்னிச்சுக்கோ அண்ணி. நான் ஒரு வார்த்த அதிகமா பேசிட்டேன்.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. உருண்டையை நான் என் கண்ணால் பார்த்தேன். அது வெளியே வந்துவிட்டது. தம்பி பிழைத்துவிட்டான். அத்தை ஏன் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறாள் என்றுதான் புரியவில்லை. “நான் எடுக்கலமே, அது என் வாய்ல இருந்துச்சுமே” என்று அவள் சொல்லச் சொல்ல, சாமி இறங்கியிருக்கிறது, தண்ணீர் தெளியுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கஞ்சி கொடுக்கலாம் என்று வாசலை நோக்கி நடந்தாள்.

அத்தை ஒரே தாவாகத் தாவினாள். அம்மாவின் தோளிலிருந்து தம்பியைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

“ஐயோ, என் புள்ளையத் தூக்கினு ஓடறாளே!” என்று அம்மா போட்ட கூச்சலில் சந்தே வெளியே வந்துவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். ஆனால் அத்தையை ஒருவரும் தடுக்கவில்லை. டாக்டரம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் காரணம் இல்லாமலா இருக்கும் என்று வழிதான் விட்டார்கள். முனையில் நின்ற ஆட்டோக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அத்தை ஏறுவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். அம்மாவும் நானும் எப்படி உள்ளே விழுந்தோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஆட்டோவுக்குள் பெரிய போராட்டம். அம்மா தம்பியின் காலைப் பிடித்து இழுக்கிறாள், அத்தை அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். அம்மா வாயில் வராத வசவு வந்தது. அத்தை எதற்கும் பதில் சொல்லாமல் தம்பியின் வாயைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடலோர ரோட்டுக்கு வந்ததும் ஆட்டோ நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் டிரெய்லர். ஒரு பக்கம் கடலுக்குக் கொட்டிய கருங்கல், ஒரு பக்கம் மலை போல அடுக்கிய இரும்புப் பெட்டிகள். எதிர்ப்பக்கத்தில் வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன.

“வயியே இல்லக்கா, பாரு, எப்டி நிக்கிறானுங்கன்னு” என்றார் ஆட்டோக்காரர்.

அப்போதுதான் தம்பி வாந்தி எடுத்தான். அத்தையின் வெளுத்த புடவை முழுக்கச் சிவப்பு. அம்மா வசவை நிறுத்திவிட்டாள். பாதி வார்த்தையில் நிறுத்தினாள். தம்பியின் காலைப் பிடித்திருந்த அவள் கை தானாகக் கீழே விழுந்தது. அம்மா கத்திக்கொண்டிருந்தவரைக்கும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அவள் வாய் மூடியதும்தான், தம்பி செத்துப்போய்விடுவான் என்ற எண்ணம் முதன்முதலாக எனக்கு வந்தது. அந்த எண்ணத்தை நினைத்ததே தப்பு, நினைத்ததாலேயே நடந்துவிடும் என்று வேறு பயம். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஆட்டோவிலிருந்து குதித்து, “நைனா! நைனா!” என்று அலறினேன். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இத்தனை லாரியில் ஒன்று எங்கள் அப்பாவுடையதாக இருக்காதா? ஒவ்வொரு லாரியும் எனக்கு மேலே இரண்டு ஆள் உயரம். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரி இருந்தது. அப்பாவின் லாரி என்ன நிறம் என்பதுகூட எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

ஒரு லாரியின் அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர் என் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவி, எதிர்ப்பக்க ரோட்டின் நடுவே போய் நின்று, வருகிற வண்டிகளுக்கு நேராகச் சுழற்றினார். இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார். கொஞ்ச தூரத்தில் இன்னொரு டிரைவர் கதவைத் திறந்துகொண்டு குதித்துத் தன் துண்டைச் சுழற்றினார். அதற்கப்பால் இன்னொருவர். வரிசையில் யாருக்காவது ஆபத்து என்றால் அவர்கள் அப்படித்தான் சொல்லி அனுப்புவார்களாம். அப்பா பிற்பாடு சொன்னார். எதிர்ப்பக்கம் காலியானதும், என்னையும் அள்ளிப் போட்டுக்கொண்டு எங்கள் ஆட்டோ அதில் எதிர்த்திசையில் பறந்தது. துண்டுகள் ஆடிக்கொண்டே வந்ததைப் பார்த்து நான் இன்னும் அழுதேன். இத்தனை பெரிய ஆட்கள் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்றால் தம்பிக்கு நேரமே இல்லை என்றுதானே அர்த்தம்.

பெரிய ஆஸ்பத்திரியில் தம்பியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். எக்ஸ்ரேயில் அவன் நெஞ்சுக்கு நடுவே வட்டமாக, வெள்ளையாக ஒன்று தெரிந்தது. ரிமோட்டுக்குள் இருந்த தட்டை பேட்டரி. அது உணவுக் குழாயில் சிக்கி, உட்கார்ந்த இடத்திலேயே சதையைப் பொசுக்கிக்கொண்டிருந்ததாம். உடனே மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அம்மாவுக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. அத்தைதான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பேட்டரியை எடுத்துவிட்டு வெளியே வந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். இன்றைக்குச் சாயங்காலம் என்று தள்ளிப்போட்டிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். பிள்ளையை இங்கே கொண்டுவரச் சொன்னது யார் என்று கேட்டார். அம்மா அத்தையைக் காட்டினாள்.

“நீங்க நர்ஸா இருந்தீங்களாம்மா?”

“இல்லம்மா.”

“பின்ன என்ன பண்றீங்க?”

அத்தை ரத்தம் காய்ந்த புடவையை மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். “சொம்மா வூட்ல கீறேன்” என்றாள்.

தம்பி பிழைத்தான். வெகுநாள் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் பால் ஊற்றினார்கள். இன்றைக்கும் அவன் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீரோடு தள்ளித்தான் சாப்பிடுவான். ஆள் ஆறடி, மீஞ்சூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறான், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவன் இருமினால் எனக்கு இன்னும் தூக்கிவாரிப் போடும்.

ஆனால் அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே எங்கள் சந்தில் கதை வேறு மாதிரி வளர்ந்துவிட்டது. டாக்டரம்மா வயிற்றில் கை வைத்ததுமே உள்ளே பேட்டரி என்று சொல்லிவிட்டாராம். மேலே இருந்த தொக்கத்தைக் குழாய் இல்லாமலே எடுத்துவிட்டு, பேட்டரி இரும்பு என்பதால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாராம். பெரிய டாக்டரே அசந்துபோய் ‘நீங்கள் எங்கே படித்தீர்கள்’ என்று கேட்டாராம். அத்தை அன்று சொன்னதை அந்த அறையில் அத்தனை பேர் கேட்டார்களே, அது என்ன ஆயிற்று என்றால், பெரியவர்கள் அப்படித்தான் தன்னடக்கமாகப் பேசுவார்கள் என்று முடித்துவிட்டார்கள். எங்கள் அம்மாதான் இதில் முதல் ஆள். தாம்பூலத் தட்டு விஷயமெல்லாம் கடலோடு போயிற்று. பார்க்கிறவர்களிடமெல்லாம் அண்ணியின் கையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் ஆட்டோ வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு வர ஆரம்பித்தார்கள்.

அத்தை கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். பலகையைக் கழற்றி உள்ளே வைத்தாள். பலகை இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக இருந்தது, அதைப் பார்த்தே வந்தவர்கள் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். விடிந்ததிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். உள்ளேயிருந்து, “ஆஸ்பத்திரிக்குப் போங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று அத்தை கத்துவாள். ஒரு சிலர் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு இல்லை, தொக்கம் எடுக்கிற இன்னொரு ஆள் இரண்டு தெரு தள்ளி இருந்தார், அங்கே.

ஒரு நாள் காலையில் அம்மா மீன் குழம்பு கொடுத்து என்னை அனுப்பினாள். பின்பக்கம் வழியாகப் போனேன். அத்தை பாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டு இரண்டு நாள் ஆன முகம். வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், “அம்மா, புள்ளைக்குப் பேச்சு மூச்சு இல்லமா, நீங்க தொட்டாப் போதும்மா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. அவளுக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் ஒரு பொய் சொல்லிவிட்டாள். வித்தை தெரிந்துகொண்டே தெரியாது என்று சொல்லிவிட்டாள். அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெரிய மனுஷி மாதிரி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

“வுடு அத்தை. அன்னிக்கு நீ பொய்தானே சொன்ன? யாரும் நெனப்புல வெச்சுக்கல. நானும் யாராண்டயும் சொல்ல மாட்டேன்.”

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏதோ கேட்கப் போகிறவள் மாதிரி வாயைத் திறந்து, கேட்காமல் மூடிக்கொண்டாள். வெளியே அந்தப் பெண் இப்போது தலையைக் கதவில் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“போ” என்றாள் அத்தை. “கதவத் தொற.”

நான் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினேன். சந்து நிறைய ஜனம். முன்னால் நின்ற பெண் என்னை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, தோளில் துவண்டு கிடந்த குழந்தையை அத்தையின் மடியில் போட்டாள். அத்தை அதைத் தொடக் கையை நீட்டினாள். கை வெடவெடவென்று நடுங்கியது. இவ்வளவு கூட்டத்தைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, என்னால்தானே இது எல்லாம் என்ற பெருமையோடு, கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.